நியூயார்க்கில் ஒரு ஜாஸ் இரவு: எந்தக் கிளப்புக்குப் போகலாம்?

நியூயார்க்குக்கு வரும் நண்பர்களும், நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஜாஸ் கேட்க ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும், எங்கே போகலாம்? தேடிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பெயர்களை அடுக்கி, எல்லாமே அருமை என்று முடித்துவிடும் பட்டியல்கள்தான் கிடைக்கின்றன. முடிவெடுக்க அவை உதவாது. ஒரு கிளப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்றில் தட்டும் கரண்டியும் இசையோடு சேர்ந்தே ஒலிக்கும். ஒன்றில் 75 நிமிடம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும், இன்னொன்றில் நள்ளிரவு தாண்டியும் உட்காரலாம்.

பெரிய பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குவதைவிட அறையைப் பார்த்து வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஜாஸ் பெரும்பாலும் மரத்தாலும் பித்தளையாலும் ஆன கருவிகளின் நேரடி ஓசை. டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்திக்கருவியின் தந்தி அதிர்வதும், டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தோலைத் தேய்ப்பதும் மைக் வழியாக இல்லாமல் காற்று வழியாக வந்து சேர வேண்டும். அதற்கு மேடை பக்கத்தில் இருக்க வேண்டும், கூட்டம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் கிடைக்கும் இடத்தில் நீங்கள் பெயரே கேட்டிராத ஒருவர் வாசித்தாலும் அந்த இரவு வீணாகாது.

முதலில் பணவிஷயம், ஏனென்றால் பலரும் தடுமாறுவது அங்கேதான். பெரும்பாலான கிளப்புகளில் ஒரு இரவுக்கு இரண்டு செட், அதாவது இரண்டு தனித்தனிக் கச்சேரிகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. வழக்கமாக ஒவ்வொரு செட்டுக்கும் தனி டிக்கெட். டிக்கெட்டுக்கு மேல், உள்ளே உட்கார்ந்ததும் குறைந்தபட்சம் இவ்வளவுக்கு ஆர்டர் செய்தே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. மது அருந்தாதவர்கள் பயப்பட வேண்டாம், சோடாவோ ஜூஸோ வாங்கினாலும் கணக்கில் சேரும். இதற்கு மேல் வரி, அப்புறம் 20 சதவீதத்தை ஒட்டி டிப்ஸ். ஆக 40 டாலர் டிக்கெட் என்றால் ஒருவருக்கு 60 டாலராவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கிளப்புகள்.

வில்லேஜ் வேன்கார்ட் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. கிரீனிச் வில்லேஜில், செவன்த் அவென்யூ சவுத் 178ஆம் எண்ணில், ஒரு சிவப்புப் பந்தலுக்குக் கீழே சாதாரணக் கதவு. உள்ளே செங்குத்தான படிகள் இறங்கினால் ஆப்பு வடிவத்தில் ஒரு நிலவறை. மேடை அதன் குறுகிய முனையில். மொத்தம் 123 பேர்தான் உட்காரலாம். மேக்ஸ் கார்டன் 1935இல் இந்த இடத்தில் தொடங்கியபோது இங்கே கவிஞர்களும் நாட்டுப்புறப் பாடகர்களும் நகைச்சுவைக் குழுக்களும்தான் மேடையேறினார்கள். 1957 வாக்கில்தான் முழுக்க ஜாஸுக்கு மாறியது. அவர் 1989இல் இறந்தபின் மனைவி லொரெய்ன் கார்டன் நடத்தினார். 2018இல் அவரும் மறைந்தபின் மகள் டெபொரா நடத்துகிறார். ஒரே குடும்பம், ஒரே நிலவறை, 90 ஆண்டுகள்.

லொரெய்னைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் நகர மனமில்லை. 1948இல் அவர் புளூ நோட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயனின் மனைவி. அப்போது யாரும் கண்டுகொள்ளாத பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்குக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று மேக்ஸ் கார்டனிடம் பேசி, வேன்கார்டில் ஏற்பாடு செய்தது அவர்தான். கூட்டமே வரவில்லை. ஆனால் அந்த அறிமுகத்தில்தான் பின்னாளில் அவரும் மேக்ஸும் மணந்துகொண்டார்கள். மங்கின் இசை இன்று உலகம் முழுவதும் ஜாஸ் மாணவர்களுக்குப் பாடம். யாரும் கேட்காத காலத்திலேயே அதைக் கேட்ட காது ஒன்று இந்த அறையைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இங்கே பதிவான இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். 1957இல் சானி ராலின்ஸ், பியானோ இல்லாமல் சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து வாசித்தது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு. அந்தப் பதிவில் கண்ணாடிக் குவளைகள் மோதுவதும் யாரோ பேசிக்கொள்வதும் இன்றும் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 11 நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்தார், வயது 25. அதே ஆண்டு நவம்பரில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இங்கே வாசித்தவற்றில் ஒன்றுக்குப் பெயரே 'இந்தியா'. நம் இசையைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அவருக்கு அது. வெளியான பதிவில் இரண்டு பேஸ்கள் சேர்ந்து சுருதி பிடித்து நிற்க, மேலே சாக்ஸஃபோனும் எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் உலவும். பின்னாளில் கோல்ட்ரேன் தன் மகனுக்கு, பண்டிட் ரவிசங்கரை நினைத்து, ரவி என்று பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று பேர்பெற்ற சாக்ஸஃபோன் கலைஞர்.

பழம்பெருமைக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. இங்கே சாப்பாடு கிடையாது. சமையலறை என்று பெயர் கொண்ட அறை கலைஞர்கள் ஓய்வெடுக்கத்தான். செட் நடக்கும்போது போனை எடுக்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது. அதனால் 123 பேரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறையின் வடிவமோ, தாழ்ந்த கூரையோ, எது காரணமோ, பேஸின் அடிநாதம் இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. அப்புறம் இன்னொன்று. வழக்கமாக ஒரே குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு இரவும் வாசிக்கும். செவ்வாயன்று ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு வாசிப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு இரவுக்கு ஒரு குழு என்று மாற்றும் இடங்களில் இது நடக்க வழியில்லை.

திங்கட்கிழமை மட்டும் தனிக் கதை. 1966 பிப்ரவரியில் ட்ரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் ஒரு பெரிய வாத்தியக் குழுவைக் கூட்டினார்கள். ஸ்டூடியோக்களிலும் பிராட்வே நாடக அரங்குகளிலும் வேலை செய்த கலைஞர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு, அதனால் அந்த நாள். ஜோன்ஸ் டென்மார்க் போனார், லூயிஸ் 1990இல் இறந்தார், குழு நிற்கவில்லை. வேன்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் இன்றும் திங்கள் தவறாமல் வாசிக்கிறது. 16 பேர் அந்தச் சின்ன மேடையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஊதும்போது அந்த ஓசை நெஞ்சில் வந்து மோதும். எந்த ஸ்பீக்கரிலும் அது வராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் பெரிய சிரமம். மேசைகள் தட்டு அளவுதான், தோளோடு தோள் உரசித்தான் உட்கார வேண்டும். டிக்கெட் இருந்தாலும் இடம் முதலில் வருபவருக்கே. 8 மணி செட்டுக்கு 7 மணிக்கே கதவு திறக்கும், அப்போதே போய்விடுங்கள். பின்னால் போனால் தூணுக்குப் பின்னால் உட்கார நேரலாம்.

வேன்கார்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேற்கு 10ஆம் தெருவில் இருக்கிறது ஸ்மால்ஸ். இதுவும் நிலவறை, இதுவும் படி. ஆனால் மனநிலை முற்றிலும் வேறு. 1994இல் இதைத் தொடங்கிய மிட்ச் போர்டன் முன்னாள் செவிலியர். மது விற்க உரிமம் இல்லை, 10 டாலர் கொடுத்தால் இரவு முழுக்க இருக்கலாம் என்று ஆரம்பித்தார். வாடகை கொடுத்து வாழ முடியாத இளம் கலைஞர்கள் இங்கே வந்து விடியும்வரை வாசித்தார்கள். கிட்டார் கலைஞர் கர்ட் ரோசன்விங்கல் உட்பட ஒரு தலைமுறையே இந்த மேடையில் வளர்ந்தது. 2003 வாக்கில் மூடப்பட்டு, பிறகு மீண்டும் திறந்தது. பியானோ கலைஞர் ஸ்பைக் வில்னர் பொறுப்பேற்றபின் நிலைபெற்றுவிட்டது.

இப்படி ஒரு சின்னக் கிளப் நடத்துவதே இந்த நகரத்தில் ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. மது விற்கும் இடத்தில் வாசிக்கக் கலைஞர்கள் போலீசிடம் அட்டை வாங்க வேண்டும் என்ற விதி 1967 வரை இருந்தது. பாடகி பில்லி ஹாலிடேயும் மங்கும் அந்த அட்டையை இழந்து, சொந்த ஊரிலேயே கிளப்புகளில் மேடையேற முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அந்த விதி போன பிறகும், உரிமம் இல்லாத சிறு இடங்களில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது, ஊதுகருவியும் தாளக்கருவியும் கூடாது என்ற கட்டுப்பாடு தொடர்ந்தது. இசைக் கலைஞர்கள் நீதிமன்றம் போய்த்தான் 1980களின் பிற்பகுதியில் அதை நீக்க வைத்தார்கள். ஸ்மால்ஸில் ஐந்து பேர் டிரம்ஸும் ட்ரம்பெட்டுமாக வாசிப்பதைக் கேட்கும்போது அந்தப் போராட்டத்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்மால்ஸின் உயிர் நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் ஜாம் செஷனில்தான். முன்னேற்பாடு கிடையாது. வேறெங்கோ வாசித்து முடித்தவர்கள் கருவிப்பெட்டியோடு இறங்கி வருவார்கள், இசைக் கல்லூரி மாணவர்கள் பயந்துகொண்டே சுவரோரம் நிற்பார்கள். மேடையில் ஒரு மெட்டைச் சொல்வார்கள், எண்ணிக்கை கொடுப்பார்கள், ஆரம்பித்துவிடும். ட்ரம்பெட் மேதை ராய் ஹார்க்ரோவ் 2018இல் இறக்கும்வரை இப்படி இங்கே அடிக்கடி வந்து இளைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். சில இரவு சுமாராகத்தான் இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜாஸ் எப்படிக் கற்றுக்கொடுக்கப்படுகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முந்தைய செட்டுகளில் அமைதி கூடுதல், ஜாமில் பேச்சும் சிரிப்பும் கூடுதல். டிக்கெட்டும் பொதுவாக வேன்கார்டைவிடக் குறைவு.

இதே தெருவில், ஸ்மால்ஸ்காரர்களே 2014இல் திறந்த மெஸ்ரோ உண்டு. பியானோவும் பேஸும், கூடினால் ஒரு கிட்டாரோ டிரம்ஸோ. மென்மையான இசை பிடித்தவர்கள், பாடலின் ஒவ்வொரு சுரத்தையும் பின்தொடர நினைப்பவர்கள் இங்கே போகலாம். கணவன் மனைவி இருவராகப் போக நல்ல இடம்.

புளூ நோட் விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். மேற்கு 3ஆம் தெருவில் 1981இல் டேனி பென்சூசன் தொடங்கியது. புகழ்பெற்ற புளூ நோட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் கிளப் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது 1939இல் தொடங்கிய வேறு நிறுவனம். டிஸ்ஸி கில்லெஸ்பி, சாரா வாஹன், ஆஸ்கர் பீட்டர்சன் எல்லோரும் இங்கே வாசித்திருக்கிறார்கள். இன்றும் நியூயார்க் கிளப்புகளில் மிகப் பெரிய பெயர்களைப் பார்க்க வாய்ப்பு இங்கேதான் அதிகம். பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் அக்டோபரில் வாரக்கணக்கில் இங்கே வாசிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் கேட்டு வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு ஜாஸுக்குள் நுழைய அது நல்ல வாசல்.

ஆனால் நீண்ட மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மேடைக்குப் பக்கவாட்டில் இடம் கிடைத்தால் கழுத்தைத் திருப்பியே 75 நிமிடமும் போகும். பரிமாறுபவர்கள் நடுவில் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், செட் முடியும் முன்பே பில் மேசைக்கு வந்துவிடும். பெரிய பெயர் என்றால் டிக்கெட் 100 டாலரைத் தாண்டும். குறிப்பிட்ட ஒரு கலைஞரை வாழ்நாளில் ஒரு முறையாவது பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே ஆசைப்பட்டிருந்தால், அவர் இங்கே வாசிக்கிறார் என்றால், யோசிக்காமல் வாங்குங்கள். சும்மா ஒரு ஜாஸ் இரவு வேண்டும் என்பதற்காக இங்கே போக வேண்டாம்.

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு என் பதில் டிஸ்ஸீஸ் கிளப். கொலம்பஸ் சர்க்கிளில் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் அமைப்பின் அரங்க வளாகத்தில், 5ஆம் மாடியில், 2004இல் திறந்தது. ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸின் தலைமையில் வளர்ந்த அமைப்பு அது. லிஃப்டில் ஏறிப் போகலாம். நாற்காலிகள் வசதியானவை. மேடைக்குப் பின்னால் சுவருக்குப் பதில் பெரிய கண்ணாடி. அதற்கு அப்பால் சென்ட்ரல் பார்க்கும் நகரத்து விளக்குகளும். அமெரிக்கத் தென்மாநில வகைச் சாப்பாடு. சைவம் மட்டும் உண்பவர்களுக்குத் தேர்வு குறைவுதான், முன்பே மெனுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இசையின் தரத்தில் குறையே சொல்ல முடியாது. டூக் எலிங்டன் காலத்து இசையை முறையாக வாசிப்பவர்கள் இங்கே அடிக்கடி வருவார்கள். ஆனாலும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே உள்ள காட்சியும் தட்டில் உள்ள உணவும் கவனத்தில் ஒரு பங்கைக் கேட்கின்றன. வேன்கார்டின் இருட்டில் இசையைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது, உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கலாம்.

44ஆம் தெருவில் உள்ள பேர்ட்லேண்டையும் கேட்பார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'பேர்ட்' என்ற செல்லப்பெயரைத் தாங்கி 1949இல் பிராட்வேயில் திறந்த முதல் பேர்ட்லேண்ட் 1965இல் மூடிவிட்டது. இப்போதுள்ளது 1996 முதல் இந்த இடத்தில். பிராட்வே நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு நடந்துபோகும் தூரம், பார்வைக்கு மறைப்பில்லாத நல்ல அரங்கம், பெரிய வாத்தியக் குழுக்கள் உண்டு. நாடகத்துக்காக எப்படியும் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் போகலாம்.

நம்மவர் யாராவது வாசிக்கிறார்களா என்றும் கேட்பார்கள். உண்டு. தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த விஜய் ஐயர் இன்றைய ஜாஸ் பியானோவில் முன்வரிசைக் கலைஞர், 2013இல் மெக்கார்த்தர் விருது பெற்றவர், வேன்கார்டில் குழுவோடு வாசித்தவர். நீங்கள் இருக்கும் வாரத்தில் அவர் பெயர் எந்தக் கிளப்பின் அட்டவணையில் இருந்தாலும், நான் மேலே சொன்ன அறைக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம்.

ஜாஸ் புரியுமா என்ற கவலை வேண்டாம். முதலில் மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு அதே மெட்டின் இசைக்கட்டுக்குள் ஒவ்வொருவராகத் தனித்து வாசிப்பார்கள். அதற்குப் பின் நாலு நாலு தாள அளவாக டிரம்ஸும் மற்றவர்களும் மாறி மாறிப் பேசிக்கொள்வார்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக் குறைத்து வாசிப்பதை ரசித்தவர்களுக்கு அந்த இடம் உடனே பிடிபடும். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். ஒவ்வொருவர் தனித்து வாசித்து முடித்ததும் கைதட்டுவது வழக்கம்.

முதல் செட்டா, இரண்டாவதா? வாய்ப்பிருந்தால் இரண்டாவது. முதல் செட்டில் இருந்த கட்டுப்பாடு தளர்ந்து, கலைஞர்கள் நீளமாகவும் துணிச்சலாகவும் வாசிப்பது பெரும்பாலும் அப்போதுதான். வார நாளாக இருந்தால் கூட்டமும் குறைந்திருக்கும், இருப்பவர்கள் கேட்க வந்தவர்களாகவே இருப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பேச்சுச் சத்தம் கூடும். நியூ ஜெர்சியிலிருந்து வருபவர்கள் திரும்பும் வழியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்சி சிட்டி, ஹோபோக்கன் பக்கம் என்றால் கவலையில்லை, கிறிஸ்டோபர் தெருவில் பாத் ரயில் இருக்கிறது, இரவு முழுக்க ஓடும். எடிசன் போன்ற ஊர்களுக்கு பென் ஸ்டேஷன் போய் ரயில் பிடிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் வண்டிகள் குறைவு, ஆகவே முதல் செட்டே பத்திரம்.

ஒரே மாலை, உடம்பில் தெம்பு, படியில் இறங்கத் தடையில்லை என்றால் என் தேர்வு வேன்கார்டின் 10 மணி செட், அதுவும் புதனோ வியாழனோ. திங்களன்று ஊரில் இருந்தால் அந்தப் பெரிய குழுவை விட்டுவிடாதீர்கள். இன்னும் தூக்கம் வரவில்லையென்றால் வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்து ஸ்மால்ஸில் இறங்கிவிடுங்கள். இரண்டு மாலை கிடைத்தால் இரண்டாவதற்கு மெஸ்ரோ. பெற்றோரோடு என்றால் டிஸ்ஸீஸ், முதல் செட், ஜன்னலுக்கு நேராக உள்ள மேசை கேட்டு வாங்குங்கள்.

பயணம் இப்போதைக்கு இல்லை என்பவர்களுக்கு: ஸ்மால்ஸ் தன் மேடை நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக இணையத்தில் நேரலையாகத் தருகிறது. அங்கே மாலை 7.30 என்றால் இந்தியாவில் நமக்கு, அங்குள்ள கோடையில் காலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் போதும், பேஸ் தெளிவாகக் கேட்கும்.